ராணுவத்தில் சேர்ந்த பிறகு விமானப்படைக்கு மாற முடியுமா? டாக்டர்களுக்கு மட்டும் எப்படி முடியுது?

பேங்க்ல வேலை பார்க்கிறவர் வேற பேங்க்குக்கு மாறலாம். அரசுப் பள்ளி ஆசிரியர் வேற மாவட்டத்துக்கு இடமாறுதல் கேட்கலாம். ஆனா தரைப்படையில் இருக்கும் ஒரு வீரர், "எனக்கு விமானப்படைதான் பிடிச்சிருக்கு, அங்கே மாத்துங்க"ன்னு கேட்டா என்ன ஆகும்?

முப்படைகளையும் ஒன்றாக இயங்க வைக்கும் 'தியேட்டர் கமாண்ட்' பற்றிய பேச்சு சில ஆண்டுகளாகவே சூடாக இருக்கிறது. ராணுவ அதிகாரிகள் விமானப்படை, கடற்படை யூனிட்களில் பணியமர்த்தப்படும் செய்திகளும் வருகின்றன. இதைப் பார்த்து, "அப்போ இனிமே படை விட்டுப் படை மாறலாம் போல"ன்னு நினைப்பவர்கள் உண்டு. உண்மை நிலவரம் என்ன? வரிசையாகப் பார்ப்போம்.

சுருக்கமான பதில்

* பணியில் இருக்கும்போதே ஒரு படையை விட்டு இன்னொரு படைக்கு நிரந்தரமாக மாறும் பொதுவான வழி இந்தியாவில் இல்லை.
* குறிப்பிட்ட காலத்துக்கு வேறு படையின் யூனிட்டில் போய் வேலை செய்யலாம். ஆனால் அதை முடிவு செய்வது தலைமைதான்.
* ராணுவ மருத்துவர்கள் இதில் பெரிய விதிவிலக்கு.
* சிப்பாய், மாலுமி, விமானப்படை வீரர் ஆகியோருக்கு இன்னொரு வழி இருக்கிறது. அது தேர்வு எழுதி அதிகாரி ஆவது.

ஏன் மாற முடியாது?

முதல் காரணம் சட்டம். நாம் பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'மிலிட்டரி' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் மூன்று படைகளுக்கும் மூன்று தனிச் சட்டங்கள். தரைப்படைக்கு 1950-ம் ஆண்டு ராணுவச் சட்டம், விமானப்படைக்கு அதே 1950-ல் வந்த விமானப்படைச் சட்டம், கடற்படைக்கு 1957-ம் ஆண்டு கடற்படைச் சட்டம். ஒருவர் எந்தப் படையில் சேர்கிறாரோ, அந்தப் படையின் சட்டம்தான் அவருக்குப் பொருந்தும். லீவ், தண்டனை, பணி விலகல் எல்லாமே அதற்கு உட்பட்டவை.

இரண்டாவது, பணிமூப்பு. சம்பளம் இங்கே பிரச்சினை இல்லை. மூன்று படைகளிலும் ஒத்த பதவிகளுக்கு ஒரே மாதிரி ஊதிய அட்டவணைதான். சிக்கல் பதவி உயர்வில் வருகிறது. ஒவ்வொரு படைக்கும் தனி சீனியாரிட்டி பட்டியல். 10 வருஷம் தரைப்படையில் இருந்த ஒருவரை விமானப்படைப் பட்டியலில் எந்த இடத்தில் நுழைப்பது? மேலே நுழைத்தால், அங்கே ஏற்கெனவே வரிசையில் நிற்பவர்கள் கோபப்படுவார்கள். கீழே போட்டால், மாறி வருபவருக்கு நஷ்டம்.

மூன்றாவது, பயிற்சி. பீரங்கிப் படையில் தேறியவருக்குப் போர்க்கப்பலின் சோனார் தெரியாது. நீர்மூழ்கியில் இருந்தவருக்கு மலைப்பகுதிப் போர் தெரியாது. மாறினால் கிட்டத்தட்ட முதலில் இருந்து பயிற்சி கொடுக்க வேண்டும்.

ரேங்க் பெயரிலேயே குழப்பம் இருக்கிறது. 'கேப்டன்' என்ற பதவி தரைப்படையிலும் உண்டு, கடற்படையிலும் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தரைப்படை கேப்டனுக்குச் சமமானவர் கடற்படையில் லெப்டினன்ட், விமானப்படையில் பிளைட் லெப்டினன்ட். கடற்படை கேப்டனோ தரைப்படையின் கர்னலுக்கும் விமானப்படையின் குரூப் கேப்டனுக்கும் சமம். அதாவது மேஜர், லெப்டினன்ட் கர்னல் என்ற படிகளைத் தாண்டிய உயரம்.

ராஜினாமா செய்துவிட்டு மாறலாமே?

கேட்க ஈஸியாக இருக்கும். ஆனால் படையில் இருந்து நினைத்த நேரத்தில் வெளியே வர முடியாது. ஒப்பந்தக் காலம் முடிய வேண்டும், அல்லது தலைமை அனுமதி தர வேண்டும். ஆயுதப்படையினரின் அடிப்படை உரிமைகளுக்கு வரம்பு வைக்க அரசியல் சாசனத்தின் 33-வது பிரிவே நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

பேங்க் வேலைக்குத் தேர்வான ஒரு விமானப்படை வீரர் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. விருப்பப்பட்ட நேரத்தில் பணியில் இருந்து விலகும் முழு உரிமை விமானப்படை வீரருக்கு இல்லை என்று 2019-ல் நீதிமன்றம் சொன்னது. வேறு வேலைக்கு விண்ணப்பிக்கவே துறையின் அனுமதி வேண்டும், பிறகு தடையில்லாச் சான்றும் வேண்டும்.

அப்போ செய்தியில் வரும் 'கிராஸ் போஸ்டிங்' என்ன?

2023-ல் மேஜர், லெப்டினன்ட் கர்னல் நிலையில் உள்ள சுமார் 40 ராணுவ அதிகாரிகள் விமானப்படைக்கும் கடற்படைக்கும் அனுப்பப்படுவதாகச் செய்திகள் வெளியாகின. இது படை மாற்றம் இல்லை, இடம் மாற்றம். அரசுத் துறைகளில் 'டெபுடேஷன்' போவார்களே, கிட்டத்தட்ட அது மாதிரி. அவர் சட்டப்படி ராணுவ அதிகாரியாகவே இருப்பார். பதவி உயர்வும் ராணுவப் பட்டியலில்தான். குறிப்பிட்ட காலம் முடிந்ததும் தாய்ப்படைக்குத் திரும்பிவிடுவார்.

இதற்கான தேவை என்ன? இன்று மூன்று படைகளும் பல கருவிகளைப் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. பிரமோஸ் ஏவுகணை மூன்று படைகளிடமும் இருக்கிறது. துருவ் ஹெலிகாப்டரும் ஹெரான் ட்ரோனும் அப்படித்தான். ஒரே கருவிக்கு மூன்று இடத்தில் மூன்று விதமான பராமரிப்பு, மூன்று விதமான நடைமுறை எதற்கு என்ற கேள்வி வருகிறது. ஒருவர் இன்னொருவர் வீட்டில் கொஞ்ச நாள் இருந்தால்தானே அங்கே சமையல் எப்படி நடக்குதுன்னு தெரியும்!

புதுச் சட்டம் எதை மாற்றியது?

இப்படி வேறு படையில் போய் வேலை பார்ப்பவர் தவறு செய்தால், யார் நடவடிக்கை எடுப்பது?

உதாரணத்துக்கு, முப்படைகளும் சேர்ந்த ஒரு அமைப்புக்குக் கடற்படை அதிகாரி தலைவர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு தரைப்படை வீரர் ஒழுங்கு மீறுகிறார். தலைவர் கடற்படைச் சட்டத்துக்கு உட்பட்டவர், வீரர் ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர். அதனால் பொதுவாக அந்த வீரரை அவருடைய தாய் யூனிட்டுக்குத் திருப்பி அனுப்பி, அங்கே விசாரிக்க வேண்டியிருந்தது. நேரமும் வீண், செலவும் வீண். தலைவருக்கும் மரியாதைக் குறைவு.

இதைச் சரிசெய்யத்தான் முப்படை கூட்டு அமைப்புகளின் தலைமை, கட்டுப்பாடு, ஒழுங்கு தொடர்பான சட்டம் 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2024 மே 10 முதல் அமலுக்கு வந்தது. விதிமுறைகள் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டன. இதன்படி, கூட்டு அமைப்பின் தலைவர் எந்தப் படையைச் சேர்ந்தவராக இருந்தாலும், தனக்குக் கீழே இருக்கும் எல்லாப் படையினர் மீதும் நடவடிக்கை எடுக்கலாம்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்: இந்தச் சட்டம் யாருடைய படையையும் மாற்றவில்லை. தரைப்படை வீரருக்கு இன்றும் ராணுவச் சட்டம்தான். அந்தச் சட்டப்படி அவர் மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம், இப்போது வேறு படையைச் சேர்ந்த தலைவருக்கும் கிடைத்திருக்கிறது. அவ்வளவுதான்.

ஜெனரலாக இருந்தவர் அட்மிரல் ஆனார்!

இப்போது விதிவிலக்குக்கு வருவோம். புனிதா அரோரா. 2004-ல் இந்திய ராணுவத்தின் முதல் பெண் லெப்டினன்ட் ஜெனரல் ஆனவர். பிறகு அவரே கடற்படையில் சர்ஜன் வைஸ் அட்மிரல் ஆனார்.

இன்னொருவர் ஆர்த்தி சரின். 2024 அக்டோபர் 1-ல் ஆயுதப்படை மருத்துவச் சேவைகளின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற முதல் பெண். லெப்டினன்ட், கேப்டன் பதவிகளில் தரைப்படையில் இருந்தார். சர்ஜன் லெப்டினன்ட் முதல் சர்ஜன் வைஸ் அட்மிரல் வரை கடற்படை. இடையில் ஏர் மார்ஷலாக விமானப்படை. ஒரே வாழ்க்கையில் மூன்று யூனிபார்ம்!

இது எப்படி முடிந்தது? ஆயுதப்படை மருத்துவச் சேவை மூன்று படைகளுக்கும் பொதுவானது. டாக்டர்கள் ஒரே பொதுத் தொகுப்பில் இருப்பார்கள். தேவைக்கு ஏற்ப அவர்களை எந்தப் படைக்கும் ஒதுக்கலாம், ஒரு படையில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் செய்யலாம். நோயாளி சிப்பாயா, மாலுமியா என்பதால் அறுவை சிகிச்சை மாறுவதில்லை. ராணுவச் செவிலியர் பிரிவும் இப்படித்தான், மூன்று படைகளின் மருத்துவமனைகளுக்கும் பொது.

பணிமூப்புதான் தடை என்றோமே, அதற்கான தீர்வும் இதிலேயே தெரிகிறது. சீனியாரிட்டி பட்டியல் பொதுவாக இருந்தால், மாறுவது சாத்தியம். தனித்தனியாக இருந்தால், சிக்கல்.

சிப்பாய்க்கு என்ன வழி?

தரைப்படை, கடற்படை, விமானப்படை என எதில் பணியில் இருக்கும் வீரரும் விண்ணப்பிக்கக்கூடிய ஒரு வழி, ஆர்மி கேடட் காலேஜ். சுருக்கமாக ஏசிசி. டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமியின் ஒரு பிரிவு இது.

பிளஸ் டூ முடித்து, குறைந்தது 2 ஆண்டு சேவை செய்த, 20 முதல் 27 வயதுக்கு உட்பட்ட வீரர்கள் விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு, அடுத்து எஸ்எஸ்பி நேர்காணல், மருத்துவப் பரிசோதனை. தேர்வானால் 3 ஆண்டு பட்டப்படிப்பு. பட்டம் தருவது ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம். பிறகு இந்திய ராணுவ அகாடமியில் ஒரு ஆண்டு பயிற்சி. முடித்தால் தரைப்படையில் லெப்டினன்ட்.

அதாவது, ஒரு கடற்படை மாலுமியோ விமானப்படை வீரரோ தரைப்படை அதிகாரியாக மாறுவது சட்டப்படியே சாத்தியம். ஆனால் இது ஒருவழிப் பாதை. தரைப்படையை நோக்கி மட்டும்தான் போகும்.

பறக்கணும்னா விமானப்படை மட்டும்தானா?

படை மாற நினைப்பவர்களில் பலருடைய உண்மையான ஆசை, பறப்பது. அதற்குப் படை மாற வேண்டிய அவசியமே இல்லாமல் இருக்கலாம்.

தரைப்படைக்கு 1986 நவம்பர் 1 முதல் சொந்த விமானப் பிரிவு இருக்கிறது. அதற்கு முன்பு பீரங்கிப் படைக்காகப் பறந்து இலக்கு பார்த்த பிரிவுகளில், ஓட்டுபவர் ராணுவ அதிகாரி, ஹெலிகாப்டரும் பராமரிப்பும் விமானப்படையுடையது. இந்த இரட்டை ஏற்பாடு சரிவராமல்தான் தனிப் பிரிவு பிறந்தது.

கடற்படைக்கும் விமானிகள் உண்டு. கடல் கண்காணிப்பு விமானங்கள் ஒருகாலத்தில் விமானப்படையிடம்தான் இருந்தன. 1976-ல் அந்தப் பொறுப்பும் விமானங்களும் கடற்படைக்குக் கைமாறின. அன்று உருவான 312-வது படைப்பிரிவுதான் இன்று நம்ம அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி தளத்தில் இருந்து பி-8ஐ விமானங்களை இயக்குகிறது. ஆக, ஆள் மாறுவதைவிட ஒரு பணியே படை மாறுவது இந்தியாவில் ஏற்கெனவே நடந்த கதை.

அமெரிக்காவில் எப்படி?

அங்கே சட்டம் நேரடியாகவே இடம் தருகிறது. அதிகாரியின் சம்மதத்தோடு அவரை ஒரு படையில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். அதிகாரி அல்லாத வீரர்கள் என்றால், இருக்கும் படை நிபந்தனையுடன் விடுவிக்க வேண்டும், அடுத்த படை புதிதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவர் பார்க்கும் வேலைக்கு ஆள் பற்றாக்குறை இருந்தால், பழைய படை 'நோ' சொல்லிவிடலாம்.

2004-ல், ஈராக் போரின்போது, தரைப்படைக்கு ஆள் தேவைப்பட்டது. விமானப்படையும் கடற்படையும் ஆள் குறைப்பில் இருந்தன. அங்கிருந்து வருபவர்களைச் சேர்க்க 'புளூ டு கிரீன்' என்ற திட்டமே தொடங்கப்பட்டது.

பெரிய உதாரணம், 2019 டிசம்பர் 20-ல் உருவான விண்வெளிப்படை. புதுப் படைக்கு அனுபவசாலிகள் எங்கிருந்து வருவார்கள்? முதலில் விமானப்படையில் இருந்து வந்தார்கள். பிறகு மற்ற படைகளில் இருந்து 50 பேரை எடுக்க முதல் கட்ட அழைப்பு விடுத்தபோது 3,700-க்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள். 2021 செப்டம்பரில் மேலும் 670 பேர் தேர்வானார்கள்.

வழி திறந்தே இருக்கும் நாட்டில்கூட, கதவைத் திறப்பது படையின் தேவைதான், வீரரின் ஆசை மட்டும் இல்லை.

இந்தியாவில் இனி என்ன?

தியேட்டர் கமாண்ட் வந்தால், ஒரு பகுதியில் இருக்கும் மூன்று படைகளும் ஒரே தளபதியின் கீழ் இயங்கும். வேறு படையில் வேலை பார்த்த அனுபவம் அப்போது கூடுதல் தகுதியாக இல்லாமல், அடிப்படைத் தேவையாகவே மாறலாம். ஆனால் அப்படிப் போய் வருபவருக்குத் தாய்ப்படையின் பதவி உயர்வில் பின்னடைவு வரக்கூடாது. "நீ இங்கேயே இல்லையே"ன்னு ஓரம்கட்டினால், அடுத்த முறை யாரும் விரும்பிப் போக மாட்டார்கள். தண்டனை யார் தருவது என்ற கேள்விக்குப் புதுச் சட்டம் பதில் சொல்லிவிட்டது. பதவி உயர்வை யார், எந்த அளவுகோலில் முடிவு செய்வது என்பது அந்தச் சட்டத்தின் வரம்பில் இல்லை.

படையில் சேரத் தயாராகும் இளைஞர்கள் கவனத்துக்கு: அக்னிவீர் ஆள்சேர்ப்பு மூன்று படைகளுக்கும் தனித்தனி. என்டிஏ விண்ணப்பத்திலும் எந்தப் படை முதலில், எது அடுத்தது என்று விருப்ப வரிசை கேட்கிறார்கள். "எதுல கிடைச்சாலும் சரி, அப்புறம் மாறிக்கலாம்"னு அந்தக் கட்டத்தை அவசரமாக நிரப்ப வேண்டாம். 17, 18 வயதில் போடும் அந்த வரிசைதான், பெரும்பாலானவர்களுக்கு ஓய்வு பெறும் வரை போடப்போகும் யூனிபார்மின் நிறத்தைத் தீர்மானிக்கிறது.