பைலட் பைக்குப் பதில் ஐபேட்: காக்பிட்டில் காகிதம் இல்லாவிட்டால் ஆபத்தா?

பெரிய ஏர்லைன்ஸ் விமானம் எந்தெந்த ஊருக்குப் போகும் என்பது அட்டவணையிலேயே இருக்கும். பிசினஸ் ஜெட் அப்படி இல்லை. இன்று லண்டன், நாளை மால்டா, மறுநாள் யாரும் எதிர்பார்க்காத ஒரு சின்ன ஊர். அதனால் அதன் பைலட்கள் பல நாடுகளின் வரைபடப் புத்தகங்களைப் பை பையாகச் சுமந்தார்கள். இப்போது அந்த வேலையை ஒரு டேப்லெட் செய்கிறது. இதற்குப் பெயர்தான் எலக்ட்ரானிக் ஃபிளைட் பேக், சுருக்கமாக இ.எஃப்.பி.

பழைய பையில் என்ன இருந்தது?

ரன்வே, டாக்ஸிவே வரைபடங்கள், தரையிறங்கும் பாதைகள், சுற்றியுள்ள மலைகளின் உயரம், விமானத்தின் கையேடுகள் என எல்லாமே காகிதம். 1930களில் அமெரிக்க பைலட் எல்ரே ஜெப்சன் தன் சின்ன நோட்டில் எழுதி வைத்த குறிப்புகள்தான் இந்த வரைபடத் தொழிலுக்கு ஆரம்பம்.

சிக்கல் எடை மட்டுமல்ல. விமானத் தகவல்கள் 28 நாள் சுழற்சியில் மாறுகின்றன. பழைய தாளை உருவிப் புதிய தாளைச் செருக வேண்டும். பெரிய நிறுவனங்களில் துணைக்கு ஆட்கள் உண்டு. சின்ன ஜெட்டில் பல நேரம் பைலட்டே உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. ஒரு தாள் தவறினால்? கையில் இருப்பது பழைய வரைபடம்!

மாற்றம் எப்போது வந்தது?

ஐபேட் 2010இல் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே, 2011 பிப்ரவரியில், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ., எக்ஸிகியூட்டிவ் ஜெட் மேனேஜ்மென்ட் என்ற பிசினஸ் ஜெட் நிறுவனத்துக்கு ஐபேடில் வரைபடம் பார்த்துப் பறக்க அனுமதி கொடுத்தது. அதற்கு முன் 55 பைலட்கள் சுமார் 250 பயணங்களில் சோதித்தார்கள். கேபின் காற்றழுத்தம் திடீரென இறங்கினால் ஐபேட் தாங்குமா என்பதும் சோதிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கும் அனுமதி கிடைத்தது. அங்கே ஒரு பைலட் சுமந்த பையின் எடை சுமார் 16 கிலோ.

அப்போ பிரச்சினையே இல்லையா?

இருக்கிறது. இரண்டு சம்பவங்களைப் பார்த்தால் புரியும்.

2015 ஏப்ரலில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பைலட்களின் ஐபேடில் வரைபட ஆப் முடங்கியது. டஜன்கணக்கான விமானங்கள் தாமதமாகின. வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தின் ஒரு வரைபடம் டேட்டாவில் இரண்டு முறை இடம்பெற்றிருந்ததுதான் காரணம். அதாவது, கையில் இரண்டு ஐபேட் இருந்தாலும் இரண்டிலும் ஒரே ஆப், ஒரே டேட்டா என்றால் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடலாம்.

இன்னொன்று 2009 மார்ச்சில் மெல்போர்னில் நடந்தது. டேக்ஆஃப் கணக்கு போடும் இ.எஃப்.பி. லேப்டாப்பில் எமிரேட்ஸ் விமானத்தின் எடை 362.9 டன்னுக்குப் பதில் 262.9 டன் எனப் பதிவானது. ஒரே ஒரு எண் பிழை, 100 டன் வித்தியாசம். உந்துவிசை போதாமல் விமானத்தின் வால் ரன்வேயில் உரசியது. விமானத்தில் இருந்த 275 பேரும் தப்பினார்கள். லேப்டாப்பில் கோளாறு எதுவும் இல்லை. கொடுத்த எண்ணுக்குச் சரியான விடையைத்தான் அது காட்டியது.

பிசினஸ் ஜெட்டுக்கு ஏன் இது முக்கியம்?

இ.எஃப்.பி.யால் அதிகம் பயன் பெறுவது இந்தச் சின்ன ஜெட்கள்தான். ஆனால் ஏதாவது தவறினால் உடனே உதவப் பெரிய அலுவலகம் இல்லாததும் இவற்றுக்குத்தான். வெயிலில் நிறுத்திய விமானத்தில் டேப்லெட் சூடாகி அணைந்துபோகலாம். சாதாரண ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் வெப்ப வரம்பே 35 டிகிரி செல்சியஸ்தான். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

எனவே கிளம்பும் முன் சில வேலைகளைத் தவிர்க்கவே முடியாது. இரண்டு டேப்லெட்டிலும் முழு சார்ஜ் இருக்க வேண்டும். போகும் ஊர், மாற்று ஊர் இரண்டின் புதிய வரைபடங்களும் இன்டர்நெட் இல்லாமலே திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆப் முடங்கினால் கைகொடுக்க, முக்கியமான வரைபடங்கள் வேறு வடிவில் இருக்க வேண்டும், அது நாலு தாள் பிரிண்ட் ஆனாலும் சரி. டேக்ஆஃப் கணக்கை இரண்டு பைலட்களும் தனித்தனியே போட்டு ஒப்பிட வேண்டும்.

காகிதம் போனதால் பைலட்டின் தோள் சுமை குறைந்தது. சரிபார்க்கும் பொறுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.