சங்கினுள் வாழும் உயிர்

இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் வளரும் சிறுவர் நாள்தோறும் மலையைக் காண்பர். கடலையோ பெரும்பாலும் எழுத்துப் படநூலிலேயே முதலிற் காண்பர். 'ச' என்னும் எழுத்தின் அருகே சங்கு இருக்கும். ஆயின் அது வெறுங்கூடு. அக்கூட்டைத் தானே சுரந்து வளர்த்து, கடலடி மணலிற் புழுக்களைத் தின்று வாழ்ந்த மெல்லுடலியை அப்படம் காட்டுவதில்லை. திருவில்லிபுத்தூர் ஆண்டாளோ நாச்சியார் திருமொழியில் சங்கினை உயிருள்ளதாகவே விளித்து வினவியவர்!

'ஆ' என்னும் எழுத்துக்கு ஆடு மட்டும் போதுமா? ஆவுளியாவையும் வரைதல் வேண்டும் என்பேன். கடற்புல் மேய்ந்து குட்டிக்குப் பாலூட்டும் இக்கடற்பசுவுக்கெனத் தமிழக அரசு 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக அறிவித்தது. பெயரும் அறியாத உயிரைக் காக்க யார் முன்வருவர்?

மாணவர்களே, நும் தம்பி தங்கையர்க்குப் படநூலைக் காட்டுங்கால், "இச்சங்கினுள் இருந்தது எங்கே?" என்று கேளுங்கள்.