முதுமையடையும் தமிழகமும் சர்க்கார் வைத்தியமும்

ஜனப்பெருக்கமே நமது தேசத்தின் பெரும்பிணி என்று பெரியோர் பலர் நெடுங்காலம் உபதேசித்து வந்தனர். குடும்பக் கட்டுப்பாட்டை 1952ஆம் ஆண்டிலேயே சர்க்கார் திட்டமாக ஏற்ற தேசம் நம்முடையது. அந்த உபதேசத்தைச் செவியேற்று நடத்திக் காட்டிய ராஜ்யங்களில் தமிழ்நாடு முன்னணியில் நிற்கிறது. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, நமது ராஜ்யத்தில் ஸ்திரீ ஒருத்திக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு 1.4. ஒரு தலைமுறை தன் இடத்தில் மறு தலைமுறையை நிறுத்திச் செல்வதற்கு 2.1 வேண்டும். இந்த வித்தியாசத்தின் பலனை அனுபவிக்கும் காலம் வந்துவிட்டது. அதற்கு நாம் ஆயத்தமாக இருக்கிறோமா என்பதே கேள்வி.

பிறப்புக் குறைந்தது வருந்தத்தக்கதென்று நாம் கூறமாட்டோம். பெண்கள் கல்வி கற்றனர். பால்ய விவாகம் குன்றிற்று. பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை தாய்மாருக்கு உண்டாயிற்று. இவற்றின் பலனாய் வந்த மாறுதலைப் பின்னுக்குத் தள்ள முயல்வது தகாது. 2024ஆம் ஆண்டில் தென்னாட்டு முதன்மந்திரிகள் இருவர் அதிகப் பிள்ளைகளைப் பெறுவதுபற்றி மேடையில் பேசினர். இன்று பிறக்கும் குழந்தை உழைத்துச் சம்பாதிக்க இருபது ஆண்டுகளாகும். அதற்குள் கிழவராகப் போகிறவர்களோ முன்னமே பிறந்து, நம் கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருப்பவர்கள். ஆதலின் இவர்களைப் பராமரிக்கும் வழியைத் தொட்டிலில் தேடிப் பயனில்லை; ஆஸ்பத்திரியிலும் பொக்கிஷத்திலுமே தேடவேண்டும்.

மத்திய சர்க்கார் நியமித்த நிபுணர் குழுவின் மதிப்பீட்டின்படி, 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு ஜனங்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2031ஆம் ஆண்டில் அத்தொகை நூற்றுக்கு 18 ஆகும். கேரளம் ஒன்றே இவ்விஷயத்தில் நமக்கு முன்னே செல்கிறது. பிரான்ஸ் தேசத்தில் அறுபத்தைந்து வயது கடந்தவர்களின் விகிதம் நூற்றுக்கு 7லிருந்து 14 ஆவதற்கு நூறாண்டுகளுக்கு மேல் பிடித்தன. ஜப்பானிலோ சுமார் 25 ஆண்டுகளே பிடித்தன. நாம் ஜப்பானின் வேகத்தில் போகிறோம். ஜப்பானின் செல்வமோ நம்மிடமில்லை.

நமது சர்க்கார் வைத்திய அமைப்பு தாயையும் சேயையும் காப்பதற்கென்றே பெரிதும் கட்டப்பட்டது. கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணிகளின் கணக்கை எழுதினர், தடுப்பூசி போட்டனர், பிரசவத்தை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவந்தனர். அந்தத் தொண்டின் பெருமையை எவரும் மறுக்க இயலாது. ஆயினும் சிசுவுக்கு வேண்டுவது சில ஊசிகள். நீரிழிவும் ரத்த அழுத்தமும் உடைய முதியவருக்கோ இருபது, முப்பது ஆண்டுகளுக்கு நாள் தவறாமல் மருந்து வேண்டும். கண்ணில் புரை, இடுப்பெலும்பு முறிவு, பக்கவாதம், ஞாபகமறதி நோய் ஆகியவற்றுக்கு வைத்தியர் மட்டும் போதார். தூக்கி உட்காரவைக்கவும் நடக்கப் பழக்கவும் கைகள் வேண்டும். செலவு இவ்வாறு பெருகுகையில், வரி செலுத்தும் வயதினரின் விகிதம் குறைந்துகொண்டே போகும்.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது நியாயமாகாது. முதியோர் வைத்தியத்துக்கெனத் தனிப் பிரிவு சென்னை அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் 1978ஆம் ஆண்டிலேயே தோன்றியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை கொடுக்கும் நல்ல ஏற்பாடு. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் எழுபது வயது கடந்த யாவருக்கும் மத்திய சர்க்காரின் 5 லட்சம் ரூபாய் இன்ஷூரன்ஸ் விஸ்தரிக்கப்பட்டது. ஆனால் அந்த இன்ஷூரன்ஸ் ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கே பணம் தருவது. முதியவரின் செலவில் பெரும்பங்கு மாதாந்திர மருந்திலும், பஸ், ஆட்டோ வாடகையிலும், உடனிருந்து பார்ப்பவர் இழக்கும் கூலியிலும் அன்றோ போகிறது? கிண்டியிலுள்ள மாளிகை ராமநாதபுரத்துக் கிழவிக்கு எவ்வாறு எட்டும்?

குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்பது இனிச் செல்லுபடியாகாத நாணயம். நால்வர் பங்கிட்டுச் சுமந்த பாரத்தை இப்போது ஒருவனே சுமக்கவேண்டும். அவனும் சென்னையிலோ துபாயிலோ இருக்கிறான். எஞ்சிய பாரம் மகள் மீதும் மருமகள் மீதும் விழுகிறது. புருஷரினும் ஸ்திரீகள் நீண்டநாள் வாழ்வதால், முடிவில் தனித்து நிற்பவள் பெரும்பாலும் விதவையே. ஏழை முதியோருக்குத் தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகை கிடைத்து வருகிறது. அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வயது வரையிலுள்ளவருக்கு அதில் மத்திய சர்க்கார் நிர்ணயித்த பங்கு 200 ரூபாய்தான்! இதைத் தர்மம் என்பதா, பரிகாசம் என்பதா?

வரிப் பங்கீட்டிலும் நியாயம் வேண்டும். 2021-26 காலத்துக்கான 15ஆவது நிதிக் கமிஷன், பிறப்பைக் குறைத்த ராஜ்யங்களுக்கு நூற்றுக்கு 12.5 பங்கு எடை கொடுத்தது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் கட்டுப்பாட்டுக்குப் பாராட்டுத் தருவது வேறு. அதனால் விளைந்த முதுமையின் செலவில் பங்கேற்பது வேறு. தேசத்தின் கட்டளையை நிறைவேற்றிய ராஜ்யம் அதன் பின்விளைவைத் தனியே சுமக்கவேண்டுமென்பது எந்தத் தர்மம்? பங்கீட்டு முறையில் முதியோர் தொகையையும் ஒரு கணக்காகச் சேர்க்கவேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

நாம் கோருவன அதிகமல்ல. ஜில்லா ஆஸ்பத்திரிதோறும் முதியோர் வார்டும் பயிற்சிபெற்ற நர்ஸுகளும் வேண்டும். பிரசவங்கள் குறைந்த இடங்களில் மிஞ்சும் படுக்கைகளையும் ஊழியர்களையும் மூடிவிடாமல் முதியோர் பணிக்குத் திருப்பவேண்டும். வீட்டிற்குச் சென்று பராமரிக்கும் தொழிலைக் கௌரவமான சம்பளத்துடன் ஏற்படுத்தவேண்டும். ஜப்பான் 2000ஆம் ஆண்டில் பராமரிப்பு இன்ஷூரன்ஸை ஏற்படுத்தி, நாற்பது வயதானவர் யாவரையும் சந்தா செலுத்தச் செய்தது. அதை அப்படியே நகலெடுக்க வேண்டுவதில்லை. ஆனால் காலத்தில் யோசிக்க வேண்டுமென்ற பாடத்தையாவது கற்கலாம்.

பொதுத் தொண்டில் ஈடுபட்டுள்ள அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டுச் சாவடிக்குக் கிழவர்களைத் தூக்கிச் செல்ல நமது கட்சிகளுக்கு வண்டி கிடைக்கிறது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லத்தான் கிடைப்பதில்லை. அடுத்த தேர்தலில் ஒவ்வொரு அபேட்சகரையும், முதியோர் வைத்தியத்துக்கு அவர் என்ன செய்வார் என்று கேளுங்கள். விடை தெரியாதவர் ஓட்டுக் கேட்கத் தகுதியற்றவர்.