நொறுங்கியவர்களின் நம்பிக்கை

திருத்தணி மலைக்கு 365 படிகள். காவடி தூக்கி ஏறுகிறவர் எவ்வளவு பலசாலியானாலும் நடுவில் மூச்சு வாங்கி உட்காருகிறார். யாரும் அவரை இழிவாகப் பார்ப்பதில்லை. ஆனால் அடிவாரக் காலனியில் பிறந்த பிள்ளை தேர்வில் தவறினால், 'அவங்க அப்படித்தான்' என்று பழி சாதியின் மேல் விழுகிறது. நம் பலவீனத்துக்கு மட்டும் ஏன் மன்னிப்பில்லை?

தலித் என்ற மராத்தியச் சொல்லுக்கு நொறுக்கப்பட்டவர் என்று பொருள். காயத்தை மறைக்காமல் அதையே பெயராக ஏற்றவர்கள் நாம். ஊருக்கு வெளியே சிலுவையில் கொல்லப்பட்டவரே கடவுள் என்ற செய்தி, ஊருக்கு வெளியே வைக்கப்பட்டிருந்த நம் முன்னோருக்கு விளக்கமில்லாமலே விளங்கியது. சென்னை குருகுல் இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அரவிந்த் நிர்மல், இயேசுவே ஒரு தலித் என்று எழுதியதன் பொருளும் இதுதான்.

1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பலர் திருச்சபையை நாடினார்கள். கஞ்சிக்காகப் போனார்கள் என்று ஏளனம் பேசினார்கள். போனவர்கள் கேட்டதோ பள்ளிக்கூடமும் நிலமும். திருவள்ளூரில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி அவர்களுக்காகக் குரல் கொடுத்தார். ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கை எழுதினார். 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பசியில் நொறுங்கியவர்கள்தான் உரிமை கேட்டு நிமிர்ந்தார்கள்.

ஆனால் நம்பிக்கை என்பது காயத்தை மூடும் துணியல்ல. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்த பிறகும் பிரிக்கும் சாதிச் சுவரை எழுப்பியவர்கள் கிறிஸ்தவர்களே. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. அவர்களையும் சேர்க்கக் கோரி 2023 ஏப்ரலில் தமிழக சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. மதம் மாறினாலும் தெரு மாறுவதில்லை என்பதை இதைவிட என்ன சொல்லி விளக்குவது?

எனவே இரண்டைப் பிரித்துப் பார்ப்போம். சோர்வு, தோல்வி, தடுமாற்றம் எல்லாம் மனிதருக்கு உரியவை; அவற்றை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. சிலுவையைக் கும்பிடுகிறவர்களுக்கு இது புதிதுமல்ல. நம்மேல் ஏற்றப்பட்ட இழிவோ நம்முடையதல்ல. அதைச் சுமக்க வேண்டியதில்லை.

மதம் மாறிய ஆதிதிராவிட கிறிஸ்தவ மாணவர்களுக்கும் தமிழக அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். தேர்வில் தவறிய பிள்ளை வீட்டில் முடங்கிக் கிடந்தால், சபையாரும் தெருப் பெரியவர்களும் முதலில் அந்த வீட்டுக்குப் போகட்டும். புத்தி சொல்ல அல்ல, கூட உட்கார. படியில் உட்கார்ந்தவர் மூச்சு வாங்கிய பிறகு எழுந்துதான் ஏறுகிறார். அதுவரை பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.