தில்லானாவும் சின்னமேளமும்

ஆலய வீதியில் நாதசுரம் கேட்டு வளர்ந்த நமக்குத் "தில்லானா மோகனாம்பாள்" அந்நியமான நாவலன்று. கொத்தமங்கலம் சுப்பு, கலைமணி என்னும் புனைபெயரில் எழுத, கோபுலுவின் சித்திரங்களுடன் 1950களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது அது. 1968இல் வந்த திரைப்படத்தைக் கண்டதோடு அமைந்துவிட்ட அன்பர்கள் நூலையும் தேடிப் படித்தல் வேண்டும்.

சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாதசுரத்துக்கும் மோகனாவின் சதங்கைக்கும் எழும் போட்டியே காதலாகக் கனிகின்றது. இருவர்க்கும் ரோசம் மிகுதி. நகைச்சுவை அங்கே பிறக்கின்றது. தொடர்கதையாதலின் இடையிடையே நீளுகின்றது, அது பெருங்குற்றமன்று.

நம் நாட்டிலே பெரியமேளம் என்றால் நாதசுரமும் தவிலும். சின்னமேளம் என்றால் சதிராட்டம். கோயில்களிற் சின்னமேளம் ஆடுவித்தலை நாவலர் பெருமான் 19ஆம் நூற்றாண்டிலேயே கடிந்தார். அக்கண்டனத்தை நாம் ஆடிய பெண்கள் தலையிற் சுமத்திவிட்டோம். முன்வரிசையில் இருந்து பார்த்த கனவான்களை ஊரார் ஏசக் கேட்டிலோம். சுப்புவோ தம் நகையைத் தரகன் வைத்தியின் மேலும், அவனை ஏவும் பெரிய மனிதர் மேலும் எறிகின்றார். மோகனாவின் மேல் அதில் ஒரு துளியும் தெறிக்கவில்லை. வைத்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நாம், சிறிது பொறுத்து நம்மையும் பார்த்துக்கொண்டோம்.

இணுவிலிலும் அளவெட்டியிலும் தவிலும் நாதசுரமும் முழங்கிய இல்லங்கள் பல. தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) வாழ்ந்த மண் இது. அவ்வில்லங்களின் காதலையும் ஊடலையும் சிரிக்கச் சிரிக்க எழுத இக்கல்லூரி மாணவர் ஒருவர் முன்வரின், முதற் பிரதியை வாங்க நாம் காத்திருக்கின்றோம்.