கோணலாகவே நிற்கட்டும் அந்த வீடு

டிசம்பர் பிறந்துவிட்டால் ஜெர்மனியின் பல சமையலறைகளில் சுக்கு, பட்டை, கிராம்பு மணம் எழும். அவற்றைச் சேர்த்துச் சுட்ட கெட்டிப் பிஸ்கட்டைச் சுவராகவும் கூரையாகவும் நிறுத்தி, சர்க்கரைக் குழம்பால் ஒட்டி, மிட்டாய்களால் அலங்கரிப்பதே ஜிஞ்சர்பிரெட் வீடு. கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட தொகுப்பில், காட்டில் வழிதவறிய ஹான்சலும் கிரெட்டலும் காணும் தின்பண்ட வீட்டை அது நினைவூட்டும்.

நோயுற்ற குழந்தையோடு இதைச் செய்யலாமா? செய்யலாம் என்பதே என் கருத்து. ஆனால், வீடு அழகாக அமைய வேண்டும் என்ற ஆசையைப் பெரியவர்கள் முதலில் விட்டுவிட வேண்டும்.

சிகிச்சை பெறும் குழந்தையின் நாளைப் பிறரே தீர்மானிக்கின்றனர். எப்போது ஊசி, எப்போது மருந்து, எதை உண்ணலாம், யார் பார்க்க வரலாம் என எதிலும் அதன் சொல்லுக்கு இடமில்லை. சிவப்பு மிட்டாயைக் கூரையில் எங்கே வைப்பது என்பதையாவது அது தீர்மானிக்கட்டும். அது வைத்ததை நாம் நகர்த்தி நேராக்கினால், அந்தச் சிறு உரிமையையும் பறித்தவர்களாவோம்.

அட்டையில் அளவு வெட்டுவதும், மாவைத் தேய்த்துச் சுடுவதும் பெரியவர்களின் பணி. சுவர்களை முதல் நாள் இரவே ஒட்டி வையுங்கள். அவை இறுகுமுன் கூரையை ஏற்றினால் சரிந்துவிடும். அதுவரை காத்திருக்கும் பொறுமை சிறு குழந்தைக்கு இராது. ஓவன் இல்லையெனில் கடையில் வாங்கிய சதுரப் பிஸ்கட்டுகளே போதும். அலங்காரம் முழுவதும் குழந்தைக்கு உரியது. பத்து நிமிடத்தில் களைத்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை நாளை செய்யலாம். நோயைச் சுற்றியே குடும்பம் இயங்கும் நாள்களில் ஒதுங்கி நிற்கும் அண்ணனுக்கோ தங்கைக்கோ ஒரு சுவரைக் கொடுங்கள்.

சில எச்சரிக்கைகளும் தேவை. ஒட்டும் குழம்பைப் பச்சை முட்டையின் வெண்கருவில் செய்வது வழக்கம். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைக்கு அது ஆகாது. சுவர்களைப் பெரியவர்கள் சர்க்கரைப் பாகு காய்ச்சி ஒட்டலாம். அலங்காரத்துக்குப் பொடித்த சர்க்கரையில் சில துளி நீர் விட்டுக் குழைத்தால் போதும். வேகாத மாவைச் சுவைக்க விடாதீர்கள். மிகச் சிறு குழந்தைகளுக்குக் கடினமான உருண்டை மிட்டாய் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். புற்றுநோய் மருந்து பெறும் குழந்தைக்கு மசாலா மணம் குமட்டலாம். ஆகவே, மருத்துவரிடமோ உணவு ஆலோசகரிடமோ கேட்ட பிறகே தொடங்குங்கள்.

நார்வேயின் பெர்கன் நகரில் 1991 முதல் மழலையர் பள்ளிப் பிள்ளைகளும் பிறரும் செய்து தரும் வீடுகளைக் கொண்டு, ஒரு ஜிஞ்சர்பிரெட் நகரத்தையே அமைத்து வருகின்றனர். 2009-இல் ஒருவர் உள்ளே புகுந்து அதை நொறுக்கிவிட்டார். ஊரார் மீண்டும் சுட்டனர், மீண்டும் கட்டினர், அவ்வாண்டே கண்காட்சியைத் திறந்தனர்.

உங்கள் மேசையிலும் கூரை சரியலாம். அப்போது பதறி நீங்களே சரிசெய்ய முனையாதீர்கள். "மறுபடியும் ஒட்டலாமா, இல்லை இப்படியே தின்றுவிடலாமா?" என்று குழந்தையிடம் கேளுங்கள். அது சொல்வதுபோலவே செய்யுங்கள்.