அதிசயமெல்லாம் மருந்தா?

ஜகார்த்தாவில் ஒரு நாட்டு மருந்துக் கடை. கடைக்காரர் சில காய்ந்த துண்டுகளை என் கையில் வைத்தார். வெட்டிய பக்கமெல்லாம் துளையும் சுரங்கமுமாக இருந்தது. "சாராங் செமுட்" என்றார். எறும்புக் கூடு என்று பொருளாம். புற்றுநோய்க்குக் கைகண்ட மருந்து என்று பொட்டலத்தில் அச்சடித்திருப்பதாக உடன் வந்த நண்பர் சொன்னார். பக்கத்தில் நின்ற அம்மாள் நான்கு பொட்டலம் வாங்கினாள். கணவருக்காம். ஆஸ்பத்திரி வைத்தியத்தை நிறுத்தியாயிற்றாம்.

எனக்குச் செடிமேல் கோபமில்லை. பப்புவாக் காடுகளில் மரக்கிளையைத் தொற்றி வளர்வது அது. ஆனால் புல்லுருவி அல்ல. மரத்தின் சாற்றை உறிஞ்சாது. அதன் அடித்தண்டு கிழங்குபோல் பருத்து, உள்ளே அறை அறையாகப் பிரிகிறது. வழவழப்பான அறைகளில் எறும்புகள் குஞ்சு வளர்க்கின்றன. முண்டும் முடிச்சுமான அறைகளில் கழிவைக் கொட்டுகின்றன. அந்த முண்டுகள் வழியே செடி சத்தை எடுத்துக்கொள்கிறது. மண்ணையே காணாத செடிக்கு அதுதான் எரு.

17-ஆம் நூற்றாண்டில் அம்போன் தீவில் வாழ்ந்த ரும்பியஸ், எறும்புக் கூடே முளைத்துச் செடியாவதாக எண்ணினார். 1880-களில் ஜாவாவில் ட்ரூப் என்பவர் எறும்பு அண்டாமல் செடியை வளர்த்துப் பார்த்தார். அறைகள் தாமாகவே உண்டாயின. ரும்பியஸ் சொன்னது பிழைதான். ஆனால் அந்தப் பிழையை அவர் பொட்டலம் கட்டி விற்கவில்லை.

'அதிசயமான செடி, ஆகவே மருந்து' என்கிறார்கள். அந்த 'ஆகவே'தான் என் விரோதி. சோதனைச் சாலையில், கண்ணாடித் தட்டில், இதன் சாறு புற்று உயிரணுக்களைக் கொன்றதுண்டு. சாராயத்தை ஊற்றினாலும் தட்டில் உள்ளவை சாகும்! நோயாளியின் உடம்பில் புற்றைக் குணப்படுத்தியதற்கு நிரூபணம் எங்கே?

"பப்புவா மக்கள் காய்ச்சிக் குடிக்கிறார்களே?" என்பீர்கள். குடிக்கட்டும். பொட்டலத்தில் பொய்யை அச்சடித்தவர்கள் அவர்கள் அல்லவே.

நம் மொழியில் எறும்பின் வீடும் புற்று, அந்த நோயும் புற்று. வியாபாரிக்குத் தமிழ் தெரிந்திருந்தால் விளம்பரம் இன்னும் சுலபமாக முடிந்திருக்கும்.

அன்று நான் அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்நிய ஊர், தெரியாத மொழி என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். நண்பர் பக்கத்திலேதான் நின்றார், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன். செடியைக் கண்டு வியந்துகொள்ளுங்கள். வைத்தியத்தை மட்டும் வைத்தியரிடம் விட்டுவிடுங்கள்.